தண்ணீர் போக வழி

அடுத்த வாளியையும் றீற்றா சுவரோரமாக வீசி ஊற்றினாள். தண்ணீர் வெறும் அறையின் குறுக்கே ஓடி எதிர்ச்சுவரில் முட்டித் திரும்பி வந்தது. விளக்குமாற்றால் அதை ஒரு மூலைக்குத் தள்ளினாள். மூலையில் ஓட்டை இல்லை. மற்ற மூலைக்குத் தள்ளினாள். அங்கும் இல்லை. குளியலறையில் இன்னொரு வாளி நிறைந்து வழியும் சத்தம் கேட்டது. போய் அதையும் தூக்கிக்கொண்டு வந்தாள்.

வீடு ஸ்காபரோவில், எக்ளின்ரன் வீதியில், ஆறாம் மாடியில் இருந்தது. ஒரு படுக்கையறை, ஒரு முன்னறை, சமைக்க ஒரு குசினி. சாவி அன்று காலையில்தான் கைக்கு வந்திருந்தது. புருசன் யேசுரட்ணம் அவளை உள்ளே விட்டுவிட்டு வேலைக்குப் போனான். மாலையில் ஒரு வான் வண்டியில் மெத்தையும் சட்டி பானையும் வந்துவிடும். அதற்குள் வீடு கழுவியாக வேண்டும். வேறு ஆட்கள் இருந்துவிட்டுப் போன வீட்டில் கழுவாமல் படுப்பதில்லை. இதை யாரும் அவளுக்குச் சொல்லித் தந்ததாக நினைவில்லை. பல் தீட்டுவதைப்போல அது ஒரு வேலை.

ஆனால் அவள் இவ்வளவு தண்ணீரை ஊற்றிக் கழுவியது இதுதான் முதல் தடவை. நெடுந்தீவில் பிறந்தவள். அங்கே அவர்கள் பக்கத்துக் கிணறுகளில் உவர்த் தண்ணீர். நல்ல தண்ணீருக்குக் குடத்துடன் நடக்க வேண்டும். அரிசி களைந்த தண்ணீர் ஆட்டுக்குப் போகும். வீடு கழுவுவது பெருநாளுக்கு மட்டும், அதுவும் உவரில். பிறகு இடம்பெயர்ந்து யாழ்ப்பாணம் வந்தார்கள். விசாவுக்காகக் கொழும்பு லொட்ஜ் ஒன்றில் ஒரு வருடம் இருந்தாள். அங்கே விடியப்புறம் குழாயில் தண்ணீர் வரும்போது வாளியோடு வரிசை நிற்கும். தொண்ணூற்று மூன்றில் ரொறொன்ரோ வந்தாள். வந்து இறங்கியது யேசுரட்ணத்தின் அக்கா கிளடிஸ் வீட்டில்.

கிளடிஸ் வீட்டில் தண்ணீர் இருந்தது. குளியலறைக் கதவும் இருந்தது. அந்தக் கதவைத்தான் கிளடிஸ் தட்டுவாள்.

"றீற்றா, சுடுதண்ணி முடியப்போகுது. பிள்ளையள் குளிக்கவேணும்."

அவள் கெட்டவள் அல்ல. அவர்களுக்கென்று ஒரு அறையை ஒழித்துக் கொடுத்தவள். ஆனால் றீற்றா சட்டியில் என்ன போடுகிறாள் என்று பார்ப்பாள். மின்விளக்கை அணைத்தாளா என்று பார்ப்பாள். தனி வீடு எடுத்திருக்கிறோம் என்று தம்பி சொன்னபோது சிரித்தாள்.

"போங்கோ, போங்கோ. குளிர் தொடங்க மெத்தையைச் சுருட்டிக்கொண்டு வருவியள். நான் எங்கையும் ஓடேல்லை, இஞ்சைதான் இருப்பன்."

 அந்த அறைக்கு இனித் திரும்புவதில்லை என்று றீற்றா அப்போதே மனதுக்குள் முடிவெடுத்தாள். ஊரிலிருந்து புறப்பட்ட பிறகு அவள் தானாக எடுத்த முடிவு அது ஒன்றுதான்.

கதவு தட்டப்பட்டது. திறந்தாள். சாரமும் பெனியனுமாக ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் நின்றார். தோளில் துவாய் கிடந்தது. தலைமயிர் நனைந்திருந்தது.

"தமிழ்தானே?"

"ஓம்."

"பின்னை. சுவராலை தண்ணி வரேக்கையே விளங்கீட்டுது, மேலை எங்கடை ஆக்கள் வந்திட்டினம் எண்டு. வெள்ளைக்காரன் எண்டால் பியரெல்லோ ஒழுகும்." அவர் அவளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார். "நான் நவரட்ணம். நேர் கீழ் வீடு. என்ன பிள்ளை, வீடு கழுவுறீரோ?"

"ஓம் அண்ணை. ஓட்டையைத்தான் காணேல்லை."

"என்ன ஓட்டை?"

"தண்ணி போற ஓட்டை."

நவரட்ணம் சிரிக்கத் தொடங்கி, அவளுடைய முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"இஞ்சை ஒரு வீட்டிலையும் அப்பிடி ஓட்டை இல்லைப் பிள்ளை. உமக்கு என்ரை வீடுதான் ஓட்டை."

அவர் போய்க் குழாயைப் பூட்டினார். பிறகு தன் துவாயை நிலத்தில் போட்டார். றீற்றா சூட்கேசைத் திறந்து படுக்கை விரிப்புகளை எடுத்தாள். இருவரும் முழங்காலில் இருந்து ஒற்றிப் பிழிந்தார்கள். சதுரம் சதுரமாக ஒட்டிய மரக்கட்டைத் தரை அது. காலையில் பளபளப்பாகக் கிடந்தது. இப்போது இரண்டு அறைகளிலும் கட்டைகள் ஓரங்களில் உப்பி, ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு எழும்பியிருந்தன. ஜன்னலுக்குக் கீழே, வெப்பக் குழாய் தரைக்குள் இறங்கும் இடத்தில் தண்ணீர் மெல்ல உறிஞ்சப்பட்டுப் போனது.

றீற்றா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரில் ஊற்றும் தண்ணீர் முற்றத்துக்குப் போகும், மண் குடித்துவிடும், அதோடு சரி. தான் தரை என்று நினைத்து நிற்பது இன்னொருவரின் கூரை என்று அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. தன் கூரையின்மேல் யாரோ நடக்கிறார்கள் என்பதும் அதோடு சேர்ந்து உறைத்தது.

"என்ரை மனிசி சுப்பருக்குப் போன் பண்ணிப்போட்டாள்," என்றார் நவரட்ணம். "நான் மறிக்க முந்தி."

"சுப்பரோ?"

"கட்டடம் பாக்கிறவன். கயானாக்காரன். வந்தால் பைப் உடைஞ்சதெண்டு சொல்லும்."

"உடையேல்லையே அண்ணை."

"உடையேல்லைத்தான். அதுதானே சொல்லச் சொல்லுறன். உண்மை எண்டால் அவனுக்குத் தெரியும்தானே."

"வீட்டை விட்டு எழுப்புவினமோ?"

அவர் துவாயைப் பிழிந்தபடி யோசித்தார். "போன மாரியிலை நாலாம் மாடியிலை ஒரு குடும்பத்தை எழுப்பினவன். அது வேறை கதை. உது முதல் நாளெல்லே. முதல் நாளே ஆரும் இப்பிடிச் செய்து நான் பாக்கேல்லை."

சுப்பர் வருவதற்கு முன் யேசுரட்ணம் வந்துவிட்டான். மெத்தை கீழே வானுக்குள் இருந்தது. கதவடியில் நின்று தரையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"உனக்கென்ன விசரே? காப்பெற் இல்லாட்டில் உடனை தண்ணி ஊத்திறதோ?"

"கழுவவேண்டாம் எண்டு நீங்கள் சொல்லேல்லையே."

"வீட்டுக்குள்ளை குளம் கட்டாதை எண்டு ஆரும் சொல்லுவினமே? நீ வாயைத் திறவாதை. பைப் எண்டு நான் சொல்லுறன்."

சுப்பர் உயரமான, களைத்த மனிதர். இடுப்பில் சாவிக்கொத்து தொங்கியது. யேசுரட்ணம் சொன்னதை முழுவதும் கேட்டார். குசினிக்குப் போய்த் தொட்டியின் கீழ்க் கதவைத் திறந்து குழாய்களைத் தடவிப் பார்த்தார். காய்ந்த விரலை யேசுரட்ணத்துக்குக் காட்டினார். குளியலறைக்குப் போனார். திரும்பி வந்து, சுவரோரம் நின்ற றீற்றாவிடம் என்ன நடந்தது என்று கேட்டார்.

பொய் சொல்லும் அளவுக்கு அவளிடம் ஆங்கிலம் இருக்கவில்லை.

"ஐ வோஷ்," என்றாள். வாளியைத் தூக்கி வீசி ஊற்றுவதுபோலக் காட்டினாள். "ஹவுஸ். ஓல் ஹவுஸ்."

யேசுரட்ணம் கண்ணை மூடிக்கொண்டான். நவரட்ணம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். சுப்பர் குந்தியிருந்து ஒரு கட்டையைப் பெருவிரலால் அழுத்தினார். இடுக்கால் தண்ணீர் மேலே வந்தது.  பிறகு எழும்பி மெதுவாக, அவளுக்கு விளங்கும்படி சொன்னார். தரையில் பாதியைக் கிளப்ப வேண்டும். சீமெந்து காய வேண்டும். பிறகு புதிதாக ஒட்ட வேண்டும். ஒரு கிழமை ஆகும். அதுவரை வேறு எங்காவது போய் இருங்கள். நீங்களும் பைப் என்று சொல்லியிருந்தால் கட்டடக் கொம்பனிக்கு எழுதியிருப்பேன். இனி ஒருமுறை நடந்தாலும் எழுதுவேன்.

அவர் போனபின் யேசுரட்ணம் மூச்சுவிட்டான்.

"எழுப்பேல்லை. அதுவே பெரிய காரியம். சரி, வெளிக்கிடு. மெத்தையும் வானுக்குள்ளைதான் கிடக்கு. ஒரு கிழமை அக்கா வீட்டை இருப்பம்."

"நான் வரேல்லை."

"என்ன?"

"நீங்கள் போங்கோ. நான் வரேல்லை."

"நிலத்தைக் கிளப்பப் போறாங்களப்பா. எங்கை படுப்பாய்?"

"குசினி காய்ஞ்சுதானே கிடக்கு."

"குசினியிலை மெத்தை கொள்ளாது."

"கொள்ளுற அளவுக்குப் படுப்பம்."

"அக்கா ஒண்டும் சொல்லமாட்டா, றீற்றா."

"ஒண்டும் சொல்லமாட்டா. ஆனால் சிரிப்பா. இண்டைக்குப் போனால், குளிருக்கும் போறதுதான், பிறகு பிள்ளைப் பேறெண்டும் போறதுதான். என்னாலை உந்த மெத்தையை ஒருக்காத்தான் ஏத்தலாம், ஒருக்காத்தான் இறக்கலாம்."

யேசுரட்ணம் நவரட்ணத்தைப் பார்த்தான், அவர் தன் பக்கம் பேசுவார் என்று.

"என்னைப் பாக்காதையும் தம்பி," என்றார் நவரட்ணம். "நான் தண்ணி கேசிலை முறைப்பாட்டுக்காரன்." ஈரத் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார். "வான்காரனை மேலை வரச்சொல்லும். நானும் ஒரு பக்கம் பிடிக்கிறன். லிப்ற்றுக்குள்ளை மெத்தையை நிமித்தித்தான் வைக்கவேணும்."

 யேசுரட்ணம் படியிறங்குவதுபோல மெதுவாக லிப்ற்றை நோக்கி நடந்தான். றீற்றா கதவைச் சாத்தவில்லை.

அடுத்த நாள் சனிக்கிழமை. காலையில் சுப்பரும் இன்னொரு ஆளும் வந்தார்கள். குசினியில் மெத்தை கிடப்பதைக் கண்டு சுப்பர் ஏதோ முணுமுணுத்தார். முன்னறையிலும் படுக்கையறையிலும் பாதித் தரையை இரும்பால் நெம்பிக் கிளப்பினார்கள். கட்டைகளைப் பைகளில் கட்டிக் கொண்டுபோனார்கள். யேசுரட்ணம் ஓவர்ரைம் போயிருந்தான். றீற்றா சோறும் பருப்பும் சமைத்தாள். மத்தியானம் கிளடிஸ் தன் மூன்று பிள்ளைகளோடு வந்தாள். சீமெந்தைப் பார்த்து இது என்ன என்று கேட்டாள். றீற்றா நடந்ததைச் சொன்னாள். கிளடிஸ் சிரித்தாள், பிள்ளைகளும் சிரித்தார்கள். ஐந்து பேரும் குசினியில் மெத்தைமேல் இருந்து சாப்பிட்டார்கள். வேலையால் வந்த யேசுரட்ணம் சீமெந்து காயட்டும் என்று ஜன்னலைத் திறந்துவிட்டான். மெத்தை குசினிக்குள் முழுதாக விரியவில்லை. ஒரு ஓரம் அலுமாரிக் கதவில் ஏறி நின்றது. அப்படியே படுத்தார்கள்.