ஊற்றடியில் இரண்டு குடங்கள்

எங்கள் ஊர் மலைமேல், போளூர் போகும் வழியில் ஒரு சரிவில் இருக்கிறது. குடிக்க, சமைக்க எல்லாவற்றுக்கும் மேலே உள்ள ஊற்றுதான். மலையில் என்ன தண்ணீர்க் கஷ்டம் என்று கீழே இருப்பவர்கள் கேட்பார்கள். சித்திரையில் வந்து பார்த்தால் தெரியும்.

மழை மாறிப்போனதால் ஊற்றுகள் என்ன ஆகின்றன என்று ஆராய, மூன்று வருஷத்துக்கு முன் ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். அளப்பதற்கு ஊரிலேயே ஓர் ஆள் கேட்டாள். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது, எண் வரும். நானே அளக்கிறேன் என்றேன். வாரம் ஒருமுறை, தண்ணீர் விழும் மூங்கில் குழாய்க்குக் கீழே குடத்தை வைத்து, நிறையும்வரை எண்ணி, நோட்டில் எழுத வேண்டும்.

"ஒரே எடம், ஒரே நேரம், ஒரே குடம். மாத்திராதீங்க ஆத்தா" என்றாள்.

ஒரு வாரம்கூட நான் விட்டதில்லை.

இந்தச் சித்திரையில், ஊற்றுக்கு மேலே நிலம் வைத்திருப்பவன் காட்டேஜ் கட்டப் போர் போடக் கிளம்பினான். எனக்கு மருமகன் முறை. போர் போட்டால் ஊற்று நின்றுவிடும் என்று ஊருக்கே பயம். ஊற்று குறைந்திருந்தால் அனுமதி இல்லை என்று பஞ்சாயத்துத் தலைவர் சொல்லி, எல்லோரையும் வெள்ளனே ஊற்றடிக்கு வரச்சொன்னார். அந்தப் பெண்ணும் வந்து என் நோட்டைப் படித்தாள்.

"மொத வருசம் சித்திரையில தொண்ணூறு எண்ணுறதுக்குள்ள குடம் நெறைஞ்சிருக்கு. இப்ப நூத்தித் தொண்ணூறு."

மருமகன் சிரித்தான். "தண்ணி கொறையலைங்க. வீட்டுல சோலி கெடக்குன்னு அத்தை வெரசா எண்ணியிருக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. "ஏலே, ஒன் போன எடு. நான் திரும்பி நின்னு எண்ணுறேன், நீ நேரம் பாரு."

அறுபது எண்ணி நிறுத்தினேன். அவன் போனில் சரியாக ஒரு நிமிஷம். எல்லோரும் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். தலைவர் பேனாவை எடுத்துவிட்டார். அதோடு முடிந்திருக்கும்.

என் மகனின் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. மூங்கிலடியில் நான் வைத்திருந்த பச்சைப் பிளாஸ்டிக் குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் வருஷம் நான் அளந்தது பித்தளைக் குடத்தில். அதைத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்க என் முழங்கால் மறுத்தது. பிளாஸ்டிக் குடம் தூக்குகிற பெண்களைக் கேலி பேசியவள் நான். அதனால் பித்தளை கனக்கிறது என்று யாரிடமும் சொல்லாமல் குடத்தை மாற்றிக்கொண்டேன். அளவு மாறும் என்பது அப்போது புத்தியில் ஏறவில்லை. பிளாஸ்டிக் குடம் பெரியது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் ஊற்று பிழைத்துவிடும்.

"நில்லுங்க. குடம் மாறிப்போச்சு" என்றேன். "பித்தளைய என்னால தூக்க முடியல."

"கேட்டீங்களா தலைவரே!" என்று குதித்தான் மருமகன். "மூணு வருசமா பொய்க்கணக்கு!"

கல்லூரிப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. "அந்தப் பழைய குடம் இருக்கா ஆத்தா?"

மகனின் மனைவி அதற்குள் சரிவில் ஓடிக்கொண்டிருந்தாள். வீட்டில் பித்தளைக் குடத்தில் விதை பீன்ஸ் போட்டு வைத்திருந்தோம். தரையில் கொட்டிவிட்டு, கழுவி, இடுப்பில் தூக்கி வந்தாள்.

மூங்கிலடியில் வைத்தோம். இந்தத் தடவை வாய்விட்டு எண்ணினேன். மருமகன் போனையும் குடத்தையும் மாறி மாறிப் பார்த்தான். எண்பது. எண்பத்தைந்து. தொண்ணூறு. தலைவர் குனிந்து பார்த்தார். தண்ணீர் குடத்தின் பாதிக்குச் சற்று மேலே நின்றது. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். நூற்றைம்பத்தெட்டில் வழிந்தது.

"போர் வேண்டாம்ப்பா" என்றார் தலைவர். மருமகன் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு மேலே ஏறிப்போனான்.

நோட்டில் குடம் மாறிய வாரத்தை நானே காட்டி, குறுக்கே ஒரு கோடு போட்டேன். இப்போதும் அளப்பது நான்தான், பித்தளையில்தான். நிறைந்த குடத்தை மகனின் மனைவி தூக்குகிறாள். பின்னால் வெறுங்கையோடு இறங்குகிறேன், ஊரார் பார்க்கத்தான்.