பாப்பா தலையில் ஒரு சத்தியம்

சீட்டாட்டத்தில் குடும்பத்தைக் கவிழ்க்கும் ஒரு மனுஷனைப் பற்றி, இரண்டு வருடம் முன்பு டிவியில் ஒரு நகைச்சுவைத் தொடர் வந்தது. தினமும் சாயங்காலம் ஏழரை மணிக்கு. கைப்பேசியில் ரம்மி ஆடி ஆடி அவன் வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக விற்பான். பெண்டாட்டி கேட்டால் ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்பான். நான், மனைவி, அப்போது நான்காம் வகுப்பு படித்த மகள் மூன்று பேரும் உட்கார்ந்து பார்ப்போம். அதிகம் சிரித்தவன் நான்தான். சிரித்ததோடு நிற்காமல் அவனுக்குப் புத்தியும் சொல்வேன்.

"மடையன், இந்தக் கைய வெச்சுக்கினு எவனாவது ஆடுவானா? அப்பவே சீட்டக் கீழ வெச்சு டிராப் பண்ணியிருக்கணும்."

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்?" என்பாள் மனைவி, டிவியை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

"பொது அறிவு."

செங்கம் ரோட்டில் எனக்கு ஸ்கூட்டர் வாடகைக்கு விடும் கடை. ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்கள் மாதக்கணக்கில் எடுப்பார்கள். இப்போது என் கையில் இருப்பது பட்டன் போன். அப்போது பெரிய போன். முதலில் ஐந்து வண்டி இருந்தது. தொடர் ஆரம்பித்த மாதம் நான்கு. ஐந்தாவது எங்கே என்று மனைவி கேட்டதற்கு, சர்வீஸுக்கு விட்டிருக்கிறேன் என்றேன். தொடரில் வரும் டிவிக்காரன் அந்தப் பொய்யைச் சொல்வதற்கு முன்பே நான் சொல்லிவிட்டேன். அந்த விஷயத்தில் அவன்தான் என்னைக் காப்பியடித்தவன். மூன்று மாதமாகியும் வண்டி திரும்பவில்லை.

"சர்வீஸுக்குப் போச்சா, பிரசவத்துக்குப் போச்சா?" என்று கேட்டுக்கொண்டே மனைவி என் போனைப் பிடுங்கிப் பார்த்தாள். ரம்மியில் விட்ட பணமும் வண்டியை விற்றதும் வெளியே வந்து குட்டு உடைந்தது.

மலையையே சாமியாகக் கும்பிடும் எங்கள் ஊரில் வழக்கோ வம்போ காதலோ, எதுவானாலும் கடைசியில் மலையைப் பார்த்துக் கை நீட்டிச் சத்தியம் செய்வதில் வந்து நிற்கும். என்னையும் மொட்டை மாடிக்கு இழுத்துப் போனாள். "அந்த மலை மேல சத்தியமா இனிமே சீட்டு ஆட மாட்டேன்" என்றேன். மனம் உருகித்தான் சொன்னேன். பன்னிரண்டு நாள் கழித்து எனக்கு ஒன்று தோன்றியது. சத்தியம் செய்த அன்று மழை மேகம் மூடி மலையே தெரியவில்லை. நான் கை நீட்டிய இடத்தில் இருந்தது மேகம். மேகத்தின் மேல் செய்த சத்தியம் எப்படிச் செல்லும்? ஹைகோர்ட் வக்கீல்கூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டார். அன்று மதியமே கடையில் உட்கார்ந்து ஆடினேன். மாட்டிக்கொண்டபோது இதையே வாதமாகவும் வைத்தேன்.

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். "சரிங்க, மேகம் மறைக்காத எடமா பாக்கலாம். பாப்பா தலையில அடிச்சு சொல்லுங்க."

பிள்ளை தலையில் அடித்துச் சொன்ன சத்தியத்தை மீறினால் பிள்ளைக்குத்தான் ஆகாது என்பார்கள். அதற்கு மேல் ஒரு சாட்சி கிடையாது. வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகளின் உச்சந்தலையில் கையை வைத்து, கண் இமைக்காமல் சொன்னேன். கையெல்லாம் தேங்காய் எண்ணெய். துடைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.

பதினெட்டு நாள் தாங்கினேன். என்னைப் பொறுத்தவரை அது சாதனை. பத்தொன்பதாம் நாள், ஒரே ஒரு ஆட்டம் என்று உட்கார்ந்தேன். ஜெயித்தும் தொலைத்தேன்.

மறுநாள் பாப்பாவுக்குக் காய்ச்சல். வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு இதே காய்ச்சல்தான் என்று டீச்சர் சொன்னார். நானும் அதையே நூறு தடவை எனக்குள் சொல்லிக்கொண்டேன். ஆனாலும் பயம் போகவில்லை. நெற்றியில் ஈரத்துணி போட்டபோது அவள் கண்ணைத் திறந்து, "நீ சீட்டு ஆடலதானப்பா?" என்று கேட்டாள்.

"ஆடலடா கண்ணு" என்றேன்.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. என் பயமும் விட்டது. மறுபடி ஆடினேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

இரண்டு வாரம் கழித்து டிவிக்காரனும் மகன் தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு மீறினான். மகன் மிரண்டுபோய் ஹெல்மெட்டோடு பள்ளிக்கூடம் போனான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "புள்ள தலையில அடிச்சுட்டு எவனாவது ஆடுவானா? சோத்துல உப்பு போட்டுத் தின்றவனா இவன்?"

கூடச் சிரிக்க ஆளில்லை. பாப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனைவி எழுந்து டிவியை நிறுத்தினாள்.

"இன்னிக்குக் கடைப்பக்கம் போனேங்க. வாடகைக்குப் போனது ஒண்ணு, நிக்கிறது ரெண்டு. நாலாவது எங்க?"

"சர்வீ..." என்று ஆரம்பித்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் மீதி வரவில்லை. "வித்துட்டேன்" என்றேன்.

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நாளைக்கு நானும் பாப்பாவும் எங்கம்மா ஊட்டுக்குப் போறோம். இனிமே நீங்களும் உங்க போனும் இருங்க" என்று அமைதியாகச் சொன்னாள்.

பதறிப்போய், எனக்குத் தெரிந்த ஒரே மருந்தை எடுத்தேன். "இந்த ஒரு தடவ நம்பு. பாப்பா தலையில அடிச்சு..." என்று கையை நீட்டினேன்.

பாப்பா தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"என் தலையில வேணாம்ப்பா. உன் தலையிலயே அடிச்சு சொல்லு."

நியாயமான பேச்சு. நீட்டிய கையை என் பக்கம் திருப்பினேன். அது நெற்றி உயரம் வரை வந்து நின்றுவிட்டது. எனக்குச் சர்க்கரை இருக்கிறது, பிரஷர் இருக்கிறது, போன மாதம் நெஞ்சில் ஒரு குத்தல் வந்தது. எல்லாம் சேர்ந்து ஞாபகத்துக்கு வந்தன. பிள்ளை தலையில் யோசிக்காமல் வைத்த கை, சொந்தத் தலையில் இறங்க மறுத்தது. அந்த நிமிஷம் நான் பட்ட அவமானத்தை எந்த ஆட்டத்தில் தோற்றும் பட்டதில்லை.

அந்தரத்தில் நின்ற கையைப் பாப்பா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பயமா இருக்காப்பா?"

"இருக்குடா."

"காய்ச்சல் வந்தப்ப எனக்கும் இப்படித்தான்ப்பா இருந்துச்சு" என்றாள்.