ராணியம்மாள் நம்பிய கல்லீரல் மாத்திரை

சோனாங்குப்பத்தில் மீன் விற்கும் ராணியம்மாள் யாரையும் நம்பமாட்டாள். பஸ்ஸில் போர்டைப் படித்த பிறகும் கண்டக்டரிடம் கேட்பாள். கண்டக்டர் சொன்ன பிறகு பக்கத்து சீட்டில் கேட்பாள். கோயில் பிரசாதத்தையே முகர்ந்து பார்த்துத்தான் வாயில் போடுவாள்.

2009 ஆடியில் அவள் புருஷன் காசிநாதனுக்குக் கண் மஞ்சளானது. காமாலை என்றார்கள் அவனோடு கடலுக்குப் போகும் படகுக்காரர்கள். கீரப்பாளையத்தில் பச்சிலை கொடுக்கும் சபாபதியிடம் போகச் சொன்னார்கள். புருஷனும் பெண்டாட்டியும் விடியலில் வெறும் வயிற்றோடு போய் நின்றார்கள். அரைத்த உருண்டையை மோரில் கலக்கி நீட்டினார் சபாபதி.

"என்னா எலைங்க இது?"

"பேரச் சொன்னா பலிக்காதும்மா."

ராணியம்மாள் டம்ளரை வாங்கி முதலில் தானே ஒரு வாய் குடித்தாள். "கீழாநெல்லி! நம்மூட்டுப் பின்னாலயே மொளைக்கிது. இதுக்கா பஸ் ஏறி வந்தோம்?" என்றாள் புருஷன் காதில்.

சபாபதிக்கும் கேட்டுவிட்டது. "நீ அரைச்சிக் குடுத்தா குடிப்பாரா? என் மூஞ்சிக்குப் பயந்துல்ல குடிக்கிறாரு. உப்பு, எண்ணெ ஆவாது. குடிய நெனைக்கவே கூடாது."

பத்தியம் ஆரம்பித்தது, மஞ்சள் இறங்கவில்லை. ராணியம்மாள் சபாபதியைச் சந்தேகப்பட்டாள். மோர்க்காரியைச் சந்தேகப்பட்டாள். ரசம் கொண்டுவந்த பக்கத்து வீட்டு மலர்க்கொடியை வாசலோடு திருப்பி அனுப்பினாள். உப்பு ஜாடியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

சந்தேகத்துக்குத் தப்பியவன் ஒருவன்தான்: அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி சுரேந்தர். சிதம்பரத்தில் ஒரு லாட்ஜ் ஹாலில் மாத்திரைக் கம்பெனி மீட்டிங்குக்குப் போனவன், டையோடு திரும்பி வந்து அதை விற்றுக்கொண்டிருந்தான்.

"அக்கா, இது மருந்தே கெடையாது, சப்ளிமெண்ட்! ஃபுல்லா ஹெர்பல். லிவருக்கு வாஷிங் மிஷின் மாதிரின்னு வச்சிக்கயேன். உள்ள போச்சின்னா அழுக்கெல்லாம் கிளியர்!"

"நீ சாப்புடுறியாடா?"

"டெய்லி!"

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. தினமும் காலையில் தன் கையாலேயே புருஷனுக்குக் கொடுத்துவந்தாள்.

ஒருநாள் சாயங்காலம், வலை பின்னப் போன காசிநாதன் ஏலக்காய் மென்றபடி வந்தான்.

"பத்தியத்துல ஏலக்கா எதுக்குய்யா? ஊது."

ஊதினான். ஏலக்காய்க்குப் பின்னால் பிராந்தி நின்றது.

"கண்ணு மஞ்சளா கெடக்குது, குடிச்சிட்டு வர்றியா? சாவ ஆசையா இருக்குதா?"

"ஏன்டி கத்துற? மச்சான்தான சொன்னான், அழுக்க மாத்தர கழுவிடும்னு. காலையில மாத்தர, சாயங்காலம் கொஞ்சூண்டு. மறுநா அது கழுவிடுது. மாத்தர போடாத அன்னிக்குத் தொட்டேனா கேளு? சத்தியமா இல்ல."

அவன் முகத்தில் துளி திருட்டு இல்லை. தினமும் மாத்திரை நீட்டிய தன் கையைப் பார்த்தாள். கொஞ்சம் கொஞ்சமாக இந்த ஆளைச் சாகடித்துக்கொண்டிருந்தது அவள் கையே.

சுரேந்தரை வரவழைத்தாள். டப்பாவைத் திறந்து நீட்டினாள். "முழுங்கு."

"இப்பவா? சாப்பாட்டுக்கு அப்பறம்தான்க்கா..."

"டெய்லி முழுங்குறவனுக்கு இப்ப என்னாடா?"

டையைத் தளர்த்திக்கொண்டான். "எனக்கு ஒத்துக்கலக்கா. மொத நாளே வயித்தால போச்சி."

"உள்ள என்னாடா இருக்குது?"

"மீட்டிங்ல அத சொல்லலக்கா."

விடிந்ததும் ராணியம்மாள் இரண்டு பேரையும் கடலூர் பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதையும் நிறுத்துங்க, பச்சிலையையும் நிறுத்துங்க. ரத்தம் பார்த்துட்டுச் சொல்றேன்."

ரத்தம் எடுத்த நர்ஸின் பின்னாலேயே ராணியம்மாள் நடந்தாள். "வேற யாருதோடவாச்சும் மாறிப்பூடாதே?"

"பேரு ஒட்டியிருக்கும்மா."

"ஒட்டுனது பிஞ்சிக்காதே?"

லேப் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். சுரேந்தர் டீ வாங்கி வந்தான். "நீ ஒரு வாய் குடிடா" என்றாள். குடித்துக் காட்டினான். அப்போதும் அவள் வாங்கவில்லை.

மத்தியானம் டாக்டர் கூப்பிட்டார். "கல்லீரல் வீங்கியிருக்கு. இப்பவாவது வந்தீங்களே. குடிய விட்டா தேறிடுவாரு."

"வுட்டுடுறேன் சார்" என்றான் காசிநாதன்.

டாக்டர் நம்பினார். ராணியம்மாள் நம்பவில்லை. மஞ்சள் இறங்கி, அவன் மறுபடி கடலுக்குப் போக ஆரம்பித்து, வருஷங்கள் ஓடிய பிறகும் சாயங்காலமானால் வாசற்படியில் குறுக்கே நின்றாள்.

"எல்லாரும் பாக்குறாங்கடி. இன்னுமா நம்பிக்க வரல?"

"உசுரோட இருக்கிறியே, அது போதும். ஊதுய்யா மொதல்ல."