ஒப்பமிட மறுத்த தவிசாளர்

பேனாவை மூடி மேசைமேல் வைத்துவிட்டு, “மூன்றாவது எங்கே?” என்று தவிசாளர் அம்மா சிங்களத்தில் கேட்ட கணம் இன்றும் என் கண்முன் நிற்கிறது.

போர் நடந்துகொண்டிருந்த காலம். நாட்டில் கதிரியக்கப் பொருள்கள் எங்கெங்கே இருக்கின்றன, அவை யார் கையிலாவது சிக்கி வெடிகுண்டோடு சேர்ந்துவிடுமோ என்று ஆராயப் பாராளுமன்றம் ஒரு குழுவை அமைத்திருந்தது. அதற்குத் தலைமை தாங்கியவர் முன்பு வழக்கறிஞராக இருந்த ஒரு பெண் உறுப்பினர். நான் குழுவின் தமிழ் மொழிபெயர்ப்பாளர். தெஹியோவிட்டப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் மூடிக் கிடந்த ஆராய்ச்சிக்கூடத்தைப் பார்க்கப் போயிருந்தோம். நான் பிறந்த தோட்டம் அது. அக்கா இன்னும் அங்கேதான் ரப்பர் மரங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்தாள்.

ரப்பர் பாலைக் கதிர்வீச்சால் பதப்படுத்திப் பார்த்த கூடம் அது. கதிரியக்கப் பொருள் அடைத்த ஈயக் குடுவைகள் மூன்றையும் வெளிநாட்டுக்குத் திருப்பி அனுப்பியாயிற்று என்றது பட்டியல். கப்பல் பத்திரத்திலோ இரண்டுதான் இருந்தன. “எழுத்துப் பிழை மேடம், திருத்திவிடலாம்” என்றார் கூடத்துக்குப் பொறுப்பான அதிகாரி. மற்ற உறுப்பினர்களுக்கு மழைக்கு முன் கொழும்பு திரும்பும் அவசரம். “என்னைக் கூடத்தைப் பார்க்கக் கூப்பிட்டீர்களா, ஒப்பம் போடக் கூப்பிட்டீர்களா?” என்றார் அம்மா. குரலை உயர்த்தவில்லை. கூடத்தைக் கூட்டிப் பெருக்கியவர் யாரென்று விசாரித்து, அவரை அழைத்துவரச் சொன்னார்.

வந்தவர், கூடம் மூடிய பின் வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பிள்ளைக்காம்பராவில் பார்த்துக்கொள்ளும் ஆயம்மா. பூசணிக்காய் அளவு, சாம்பல் நிறம், நல்ல கனம் என்று நான் குடுவையை விவரித்தேன்.

“அதுங்களா? கூடத்த பூட்டுறப்ப வெளிய கெடந்துச்சுங்க. காத்துல கதவு அடிச்சுக்குதுன்னு நாந்தான் உருட்டியாந்து முட்டு வச்சேன்.”

“எந்தக் கதவுங்க?”

“நம்ம பிள்ளைக்காம்பரா கதவுதாங்க.”

அக்காவின் மூன்று வயது மகள் அந்த நேரம் அங்கேதான் இருந்தாள். ஆயம்மா சொன்னதைச் சிங்களத்தில் தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தபோது அம்மா என்னைக் கூர்ந்து பார்த்தார். “உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது உள்ளே இருக்கிறார்களா?” ஆமென்று தலையசைத்தேன். அதற்குள் அவர் நடக்கத் தொடங்கியிருந்தார்.

பின்வாசல் வழியாகக் குழந்தைகளை வெளியே கொண்டுவந்தார்கள். குழுவோடு வந்திருந்த தொழில்நுட்பவியலாளர் கதிர்வீச்சை அளக்கும் கருவியோடு உள்ளே போனார். சேதி மலையெங்கும் பரவி, பால்வாளிகளைப் போட்டது போட்டபடி தாய்மார் ஓடிவந்தார்கள். தூறல் விழுந்தது. வாகனத்தில் உட்காரும்படி அதிகாரிகள் வேண்டியும் அம்மா அசையவில்லை. அக்கா என் கையை இறுகப் பிடித்திருந்தாள்.

தொழில்நுட்பவியலாளர் வெளியே வந்தார். குடுவையின் முத்திரை உடையவில்லை, மூடி திறக்கப்படவே இல்லை, கருவியில் வழக்கத்துக்கு மேல் எதுவும் காட்டவில்லை என்றார். ஒவ்வொரு குழந்தையையும் தனித்தனியே சோதித்தும் பார்த்தார். குறிப்பெடுக்க வந்த எழுத்தரை அம்மா தடுத்தார். “அறிக்கை அப்புறம். முதலில் தாய்மாருக்குச் சொல்லுங்கள்.”

“கதிரியக்கக் கசிவு எதுவும் பதிவாகவில்லை” என்று தொடங்கினேன். ஒரு முகமும் மாறவில்லை. பாராளுமன்றத் தமிழை விட்டேன். “புள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகலீங்க. அது தொறக்கவே இல்ல. தூக்கிட்டு வீட்டுக்குப் போங்க.”

ஆயம்மா அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டார். “நாந்தானே கொண்டாந்து வச்சேன்” என்று அழுதார். அம்மா பக்கத்தில் குந்தி அவர் தோளைத் தொட்டார். “இவர் வாய் திறந்து சொன்னதால்தான் அது கிடைத்தது. அதைச் சொல்லுங்கள்” என்றார் என்னிடம். சொன்னேன்.

மறுநாள் குடுவை பாதுகாப்பாக வண்டியேறிப் போன பிறகே அம்மா ஒப்பமிட்டார், அதுவும் திருத்திய பட்டியலில். குழுவின் அறிக்கையில் இந்தச் சம்பவத்துக்குக் கிடைத்தது நான்கு வரி. அடுத்த தேர்தலில் அம்மா தோற்றுப்போனார்.

அக்கா மகளுக்கு இப்போது கல்யாண வயது. அந்த நாளைப் பற்றிக் கேட்டால் சிரிக்கிறாள்; அவளுக்கு எதுவும் ஞாபகமில்லை. ஞாபகம் வைத்துக்கொள்ளும்படி அவளுக்கு ஒன்றும் நடக்கவில்லை.