வீரணன் ஓட்டிய திருச்சுழி லைன்

என் அண்ணன் வீரணன் கல்யாணத்துக்கு முன்பிருந்தே திருச்சுழி லைனில் வண்டி ஓட்டினார். லைன் என்றால், பாளையம்பட்டியில் உள்ள ஏஜென்சி குடோனில் சோப்பு, பிஸ்கட், பற்பசை என்று லோடு ஏற்றிக்கொண்டு, வழியில் உள்ள ஊர்களின் சின்னக் கடைகளுக்கெல்லாம் போட்டுவிட்டு வருவது. தை மாதம் நெஞ்சுவலியில் போய்விட்டார். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால், போன வருஷம் அவரைப் பிடித்து ஆட்டிய குழப்பம்தான் முன்னால் வந்து நிற்கிறது. அது இப்போது எனக்கும் தொற்றிவிட்டது.

அவர் மகள் அனுசியா பி.காம். முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். ஜூன் மாதம் அதே ஏஜென்சியில் பில் போடும் வேலை கிடைத்தது. அப்பாவும் மகளும் ஒரே பைக்கில் போய் வந்தார்கள். மதினி மாரிக்கனி காலையில் இரண்டு டிபன் பாக்ஸ் கட்டினார். அந்த இரண்டாவது டிபன் பாக்ஸில் அண்ணனுக்கு ரொம்பப் பெருமை.

ஆகஸ்டில், வரி குறையப் போகிறது என்று டி.வி.யில் சொன்னார்கள். அண்ணனுக்கு எதையும் மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாது. கடை கடையாகச் சொல்லிக்கொண்டே போனார். திருச்சுழிக்கு முந்தின ஊரில் கடை வைத்திருக்கும் மாயக்காளிடமும் சொன்னார்.

“யக்கா, இப்ப சோப்பு நெறைய எடுக்காத. ரேட்டு கொறையப் போகுது. அப்பறம் பழைய வெலைச் சரக்கு ஒந் தலையிலதான் விடியும்.”

“ஏய் வீரணா, ஏஜென்சிச் சம்பளத்த வாங்கிக்கிட்டு ஏஜென்சிக்கே ஆப்பு வைக்கிறியே! ஒன்னய மாதிரி இன்னொருத்தன் இருந்தா ஒம் மொதலாளி குடோனப் பூட்டிட்டுக் காசிக்குத்தான் போகணும்.”

செப்டம்பரில் ஆர்டர் அடியோடு படுத்துவிட்டது. முதலாளி சுந்தரபாண்டி அனுசியாவைக் கூப்பிட்டு, “பில்லே இல்லையேம்மா. புது ரேட்டு வரட்டும், சொல்லி அனுப்புறேன்” என்று வீட்டுக்கு அனுப்பினார்.

அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. தன் வாய்தான் மகள் வேலையைக் கெடுத்தது என்று முடிவு கட்டிக்கொண்டு, முதலாளி முன்னால் போய் நின்றார்.

“மொதலாளி, கடைக்காரவுகட்ட சரக்கு எடுக்காதீகன்னு சொன்னது நாந்தான். கோவத்த எம் மேல காட்டுங்க. புள்ளைய விட்ருங்க.”

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தாராம். “ஒஞ் சொல்லக் கேட்டா காரியாபட்டி லைனும் பாலவனத்தம் லைனும் படுத்துக் கெடக்கு? வெல கொறையட்டும்னு ஊரே காத்துக் கெடக்குப்பா. போ, போயி வண்டியத் தொடைச்சு வையி.”

அண்ணன் வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டார். “ஏலே, தப்பு எம் மேல இல்லையாம். அப்ப எதுக்குலே எம் மகளுக்கு வேல போச்சு?”

நான் கல்லூரியில் பொருளாதாரம் படித்தவன். வரி குறைந்தால் விலை குறையும், விலை குறைந்தால் விற்பனை கூடும், விற்பனை கூடினால் ஆள் எடுப்பார்கள் என்று சொன்னேன். அதை அப்படியே நம்பினார்.

பாதி அப்படியேதான் நடந்தது. புது வரி வந்ததும் சோப்பும் பற்பசையும் விலை இறங்கின. சின்ன பிஸ்கட் பாக்கெட்டில் மட்டும் விலை மாறாமல் எடை கூடியது. “கொறைச்ச காச நீ முழுங்கிட்டியா?” என்று சண்டைக்கு வந்தவர்களுக்கு, மாயக்காள் பழைய பாக்கெட்டையும் புது பாக்கெட்டையும் தராசின் இரண்டு தட்டில் வைத்துக் காட்டினார். அப்படியும் பாதிப் பேர் நம்பவில்லை. ஆனால் வாங்கினார்கள். தீபாவளிக்கு வண்டி கொள்ளாத லோடு.

“புள்ளைய வரச் சொல்லவா மொதலாளி?”

முதலாளி ஒரு போனை எடுத்து நீட்டினார். “இனிமே கடை வாசல்லயே பில்லு வந்துரும். நீயே அமுக்கிரு.”

அனுசியாதான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தாள். “யப்பா, அதுல்ல. பச்சையத் தொடு.” கடையில் ஆள் நெருக்கும்போது அவர் விரல் தடுமாறியது. ஒருவர் பில் இன்னொருவர் பேரில் போனது. கடைசியில் மகளையே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். முதலாளி பார்த்தார், வேண்டாம் என்று சொல்லவில்லை. சம்பளம் என்றும் சொல்லவில்லை.

“ஒரு சோப்பு வாங்குனா இன்னொன்னு இலவசங்குற மாதிரி, ஒன்னய வச்சுக்கிட்டா ஒம் மக இலவசமா?” என்று மாயக்காள் கேட்டாராம். அண்ணன் சிரிக்கவில்லை என்று அனுசியா சொன்னாள். அவர் சிரிக்காத நாள் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அண்ணன் காரியம் முடிந்த மறுவாரம் சுந்தரபாண்டி வீட்டுக்கு வந்தார்.

“வேற டிரைவர் போட்டுக்குறேன். லைனு பாப்பாவுக்கு அத்துபடி. பில்லு போட வரட்டும், சம்பளம் குடுத்துருறேன்.”

அவர் போன பிறகு அனுசியா என் பக்கம் திரும்பினாள்.

“சித்தப்பா, அப்பா இருக்கையில வராத சம்பளம் இப்ப எப்பிடி வருது?”

விற்பனை கூடியிருக்கிறது என்று ஆரம்பித்தேன். அது அப்போதும் கூடித்தான் இருந்தது.

“அது கெடக்கட்டும். போகவா, வேண்டாமா? அத மட்டும் சொல்லுங்க.”

“போ” என்றேன். சரியாகத்தான் சொன்னேனா என்று இன்னும் தெரியவில்லை.

திங்கட்கிழமை அவள் லைன் வண்டியில் ஏறினாள். புது டிரைவர் நல்லகண்ணு இந்தப் பக்கத்துக்குப் புதியவர். எந்தக் கடை வாசலில் நிறுத்த வேண்டும் என்று அவள்தான் சொல்லிக்கொண்டு போகிறாள்.