ஆண்டீஸ் மலையில் பதினொரு தலை

டூர் லீடர் என்றால் மலையைக் காட்டுகிறவன் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். மலை தானாகவே தெரியும், நான் செய்வதெல்லாம் தலை எண்ணுவதுதான்.

பஸ்ஸில் ஏறும்போது ஒரு தரம், இறங்கும்போது ஒரு தரம், சாப்பாட்டு மேஜையில் ஒரு தரம், கழிவறைக்காக நிறுத்திய இடத்தில் இரண்டு தரம். துபாய் சத்வாவில் தையல் கடைகளுக்கு மேல்மாடியில் இருக்கும் எங்கள் சின்ன டிராவல்ஸ் ஆபீஸில் பன்னிரண்டு வருஷமாக இந்த வேலைதான் பார்க்கிறேன். சொந்தக்காரர்கள் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு திருப்பதிக்காவது போய் வந்தவர் உங்களில் இருந்தால் என் கஷ்டம் புரியும். அதிலும் வளைகுடாத் தமிழர்கள் தனி ரகம். ஏஜெண்டிடம் ஏமாந்து இங்கே வந்தவர்கள், இங்கே வந்தபிறகு ஏமாந்தவர்கள், இனி எவனிடமும் ஏமாறுவதில்லை என்று சத்தியம் செய்தவர்கள். அப்படிப் பதினொரு பேரைப் பெரு நாட்டுக்கு, ஆண்டீஸ் மலைக்குக் கூட்டிப்போன கதை இது.

பதினோராவது பெயர்

எங்கள் மேனேஜர் ஆல்பர்ட் அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பயணிகள் பட்டியலில் பத்துப் பெயரை விறுவிறுவென்று தாண்டிவிட்டு, பதினோராவதில் பேனாவை ஊன்றினார். முருகையன், வயது ஐம்பத்து மூன்று, சொந்த ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம், வேலை ஏசி ஃபோர்மேன், இருப்பது தோஹா தொழில்பேட்டையில் ஒரு லேபர் கேம்ப். துணைக்கு யாரும் இல்லை. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை கிடைக்கிற லீவில் ஊருக்குப் போகாமல் இந்த மனுஷன் தென் அமெரிக்காவுக்கு எதற்குப் போகிறார்?

அண்ணாச்சியிடம் பதில் தயாராக இருந்தது. தென் அமெரிக்காவில் இறங்கி, காடு மலையெல்லாம் நடந்து, திருட்டுத்தனமாக அமெரிக்காவுக்குள் நுழைகிற கூட்டம் ஒன்று உண்டு. அதில் சேரத்தான் ஆள் வருகிறான் என்று அடித்துச் சொன்னார். குழுவில் ஒருத்தர் காணாமல் போனால் அடுத்த குழுவுக்கு விசா கிடைக்காது. ஆபீஸை மூட வேண்டியதுதான். என் வேலை போகும், வேலையோடு விசா போகும். என் மகள் அப்போது பன்னிரண்டாம் வகுப்பில் பாதி தாண்டியிருந்தாள். அதனால் சரி என்று தலையாட்டினேன்.

"ஏடே, மத்த பத்துப் பேரையும் நீ தொலைச்சாக்கூட நான் தேடிக்கிடுதேன். இவன் மேல வச்ச கண்ண மட்டும் எடுத்துராத" என்றார் அண்ணாச்சி.

இலை மிதக்கும் டீ

முதலில் தங்கிய ஊர் குஸ்கோ. ஊட்டியைத் தூக்கி வைத்து, அதன் தலையில் பாதிக் கொடைக்கானலையும் வைத்தால் வருகிற உயரம். படி ஏறினால் மூச்சு வாங்கும், படுத்தால் தலை வலிக்கும். அதற்கு அந்த ஊர்க்காரர்கள் காலங்காலமாகக் குடிப்பது கோக்கா இலை போட்ட டீ. எங்கள் உள்ளூர் வழிகாட்டி யோலா, இரட்டைச் சடை போட்ட பெண், என்னைவிட இரண்டு மடங்கு பொறுமைசாலி. ஹோட்டல் வாசலிலேயே பதினொரு கோப்பையை வரிசையாக வைத்து வரவேற்றாள்.

எதிலிருந்து கொகெய்ன் எடுக்கிறார்களோ அதே இலைதான் இது என்று யாரோ போனில் தேடிப் படித்துவிட்டார்கள். அவ்வளவுதான், பதினொரு பேரும் கோப்பையிலிருந்து ஓரடி தள்ளி நின்றார்கள். டீ வேறு, அது வேறு என்று யோலா விளக்கினாள். திரும்பும்போது துபாய் ஏர்போர்ட்டில் சிறுநீர் பரிசோதனை செய்தால் அதை யார் விளக்குவது என்று கேட்டார்கள். சரி, மலைக்காக டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையையாவது போடுங்கள் என்றேன். அதையும் சந்தேகமாகவே வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்கள். டீ ஆறிப் போனது. மஸ்கட் ரூவியில் துணிக்கடை வைத்திருக்கும் காயல்பட்டினம் ஷாகுல் காக்காதான் (அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள்) கடைசியில் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்:

"தம்பி, குருமாவுக்குப் போடுற கசகசாவுக்கே உள்ள தள்ளுற ஊருக்கு நாம திரும்பிப் போவணும். இதுல இலை முழுசா மிதக்குது."

நேற்றுக் கட்டின சுவர்

குஸ்கோவில் இன்கா மன்னர்கள் காலத்துச் சுவர் ஒன்று இருக்கிறது. பெரிய பெரிய கல், நடுவில் சாந்து கிடையாது, இடுக்கில் கத்தி நுனி நுழையாது என்பார்கள். பத்மா மேடம் அதைச் சோதித்துப் பார்த்தார். ஷார்ஜாவில் டீச்சர். கணவரோடு வந்திருந்தார், அந்தக் கணவர் பேசி நான் கேட்டதில்லை. மேடம் கைப்பையிலிருந்து எமிரேட்ஸ் ஐடி கார்டை எடுத்து இடுக்கில் செருக, காவலாளி விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்தார். கார்டு நுழையவில்லை என்பதே மேடத்துக்குப் பெரிய சந்தேகமாகிவிட்டது. பழைய சுவர் என்றால் விரிசல் இருக்க வேண்டாமா என்று கேட்டார்.

ஐந்நூறு வருஷத்துக்கு மேல் பழையது என்று யோலா சொல்லிக்கொண்டிருந்தபோது நான் பின்னால் திரும்பித் தலை எண்ணினேன். பத்து. முருகையன் பஸ் பக்கத்தில் நின்று, டிரைவரிடம் தூரத்து மலையைக் கையால் காட்டி ஏதோ வழி விசாரித்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி சொன்ன காடு மலை நினைவுக்கு வந்தது. இந்தப் பக்கம் மேடம் யோலாவை விடுவதாக இல்லை.

"ஐந்நூறு வருஷம்னு போர்டு வெச்சா ஆச்சா? எங்க ஏரியாவுலயும் ஒரு பழங்காலக் கோட்டை இருக்கு. அது கட்டும்போது நான் எதிர் ஃபிளாட்லதான் குடியிருந்தேன்."

நெருப்புப் பரீட்சை

அல்பாகா என்பது ஒட்டகத்துக்கும் ஆட்டுக்கும் இடைப்பட்ட பிராணி. அதன் ரோமத்தில் நெய்த சால்வை அங்கே பேர்போனது, போலியும் நிறைய. சந்தையில் தொப்பி போட்ட ஒரு அம்மா கடை விரித்திருந்தார். ஷாகுல் காக்கா ஒரு சால்வையை எடுத்துத் தடவினார், முகர்ந்தார், குஞ்சத்திலிருந்து ஒரு நூலை உருவி லைட்டரால் கொளுத்தினார். நூல் உருகி உருண்டையானது. ரோமம் என்றால் முடி கருகிய வாடை வர வேண்டும், இது பிளாஸ்டிக். உருண்டையை அந்த அம்மாவிடமே நீட்டினார்.

சண்டை வரப் போகிறது என்று நான் நடுவில் போனேன். அந்த அம்மாவோ சிரித்துக்கொண்டே கீழேயிருந்து வேறொரு சால்வையை எடுத்து, தானே நூலை உருவிக் கொளுத்திக் காட்டினார். நல்ல வாடை. காக்கா டாலர் நோட்டை நீட்டினார். அம்மா அதை வெயிலில் பிடித்துப் பார்த்தார், ஓரத்தைத் தடவினார், மயிரிழை அளவுக்குக் கிழிசல் கண்டுபிடித்துத் திருப்பிக் கொடுத்தார். இரண்டாவது நோட்டும் திரும்பி வந்தது. மூன்றாவதுதான் தேறியது. காக்காவின் முகத்தில் அப்படி ஒரு மரியாதையை அதுவரை நான் பார்க்கவில்லை.

"முப்பது வருஷமா ரூவியில கடை வச்சிருக்கேன் தம்பி. இப்பத்தான் ஒரு யோக்கியமான வியாபாரியப் பாக்குறேன்."

விரல் மிஷின்

கொரோனா காலத்தில் எல்லாரும் பார்த்த மிஷின்தான். விரலில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று நம்பர் காட்டும். தினமும் காலை ஆறு மணிக்கு அதையும் ஒரு நோட்டையும் எடுத்துக்கொண்டு ரூம் ரூமாகப் போவேன். நம்பர் மிகவும் குறைந்தவரைத் தாழ்வான இடத்துக்கு இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து. இதைச் சொல்லித்தான் ஆரம்பித்தேன். ஆனால் நோட்டைப் பார்த்ததும் எல்லார் முகமும் மாறிவிட்டது.

ஷாகுல் காக்காவும் முருகையனும் ஒரே ரூம். குளிர் உள்ளே வருகிறது என்று கதவை ஒரு சாண் மட்டும் திறப்பார்கள். முதலில் ஒரு கை வரும், தொண்ணூற்றொன்று. அது உள்ளே போய் இன்னொரு கை வரும், அதுவும் தொண்ணூற்றொன்று. இரண்டு பேரும் நல்ல ஆரோக்கியம் என்று எழுதிக்கொண்டு நடையைக் கட்டுவேன். பத்மா மேடம் ரூமுக்கு வருவதற்குள் என் நீலப் பேனா தீர்ந்து போனது என் விதி.

"சார், என் நம்பர மட்டும் ஏன் சிவப்பு மையில எழுதுனீங்க?"

காலிக் கட்டில்

மூன்றாம் நாள் காலையும் ஆறு மணிக்கு இரண்டு கைகளும் வந்தன. ஏழரைக்குச் சாப்பாட்டு மேஜையில் எண்ணினேன். பத்து. மறுபடி எண்ணினேன், பத்துதான். ரூமுக்கு ஓடினால் முருகையன் கட்டிலில் போர்வை மடித்து வைத்திருந்தது. பெரிய பெட்டி இருந்தது, பாஸ்போர்ட் வைத்திருக்கும் தோள்பையைக் காணோம். ஓடுகிறவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டா ஓடுவான் என்று தோன்றியது. ரிசப்ஷனில் கேட்டேன். அவர் ஐந்து மணிக்கே வெளியே போய்விட்டார் என்றார்கள். ஐந்து மணிக்குப் போனவர் ஆறு மணிக்கு எப்படிக் கை நீட்டினார் என்பது அந்தப் பதற்றத்தில் எனக்கு உறைக்கவே இல்லை.

அண்ணாச்சிக்கு போன் போட்டேன். அவர் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. ஆள் ஓடிவிட்டான் என்று உடனே போலீஸில் எழுதிக் கொடு, முந்திக்கொண்டால் ஆபீஸ் தப்பிக்கும் என்று சொல்லி, என்ன எழுத வேண்டும் என்பதையும் வாட்ஸப்பில் அனுப்பிவிட்டார். அந்தக் காகிதத்துக்கு என்ன அர்த்தம் என்று வளைகுடாவில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அது தோஹாவில் அவர் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தால் முருகையன் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. எழுதாமல் விட்டு, அவர் உண்மையிலேயே ஓடியிருந்தால், என் குடும்பம் மூட்டை கட்ட வேண்டும். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எழுத உட்கார்ந்தபோது என் மகள் முகம்தான் நினைவுக்கு வந்தது, அவர் முகம் வரவில்லை.

பாதி எழுதியிருப்பேன். ஷாகுல் காக்கா எதிரே வந்து உட்கார்ந்து, காகிதத்தின் மேல் தன் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்தார்.

"எழுதாதீங்க தம்பி. மூணு நாளா கதவிடுக்குல வந்த ரெண்டு கையும் என் கைதான்."

அன்ஃபிட்

காக்கா சொன்ன கிளினிக் இரண்டு தெரு தள்ளித்தான், யோலாவையும் கூட்டிக்கொண்டு ஓடினேன். முருகையன் பெஞ்சில் மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் குழாயை உருவி ஒளிக்கப் பார்த்தார். நம்பர் எழுபத்தாறு. மூன்று நாளாகத் தலைவலி, வாந்தி, ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை. என்னிடம் சொல்லாமல் ஏதாவது ஊசி போட்டுக்கொண்டு, சாப்பாட்டு நேரத்துக்குள் திரும்பிவிடலாம் என்று விடியுமுன்னே தட்டுத் தடுமாறிப் போயிருக்கிறார். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் நிலைமை கையை மீறியிருக்கும் என்று டாக்டர் யோலாவிடம் சொன்னார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் மேலா, என் மேலா என்று இப்போதும் தெரியவில்லை. செத்துப் போயிருப்பீர்களே ஐயா, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"விரலப் புடிச்சி நோட்டுல நம்பர் எழுதுனா அது மெடிக்கல் சார். மெடிக்கல்ல அன்ஃபிட்னா அடுத்து ஊருக்கு டிக்கெட்தான். எங்க கேம்ப்புல எத்தன பேர அப்புடி ஏத்தி அனுப்பியிருக்காங்க தெரியுமா?"

பள்ளத்தாக்கில் இரண்டு ராத்திரி

குழுவை யோலாவிடம் விட்டுவிட்டு, ஆபீஸ் விதிமுறையையும் தள்ளி வைத்துவிட்டு, அவரைக் காரில் ஏற்றிக் கீழே ஒரு பள்ளத்தாக்குக் கிராமத்துக்கு இறங்கினேன். உடம்பு தேறினால் கட்டாயம் மேலே கூட்டிப்போவேன் என்றேன். அவர் நம்பவில்லை. மறுநாள் நம்பர் தொண்ணூறைத் தொட்டது, அப்போதும் நம்பவில்லை. மலையா ஏர்போர்ட்டா என்று தெரிந்துகொள்ளக் காரின் மூக்கு எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாதி எழுதிய காகிதத்தை அவரிடம் காட்டிவிட்டேன். காட்டாமல் அவரோடு உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை. வெட்கமாக இருந்தது. அவர் எழுத்துக்கூட்டிப் படித்து, மடித்து என்னிடமே கொடுத்தார். நான் ஓடுவேன் என்று நீங்கள் முழித்திருந்தீர்கள், நீங்கள் அனுப்பிவிடுவீர்கள் என்று நான் முழித்திருந்தேன், கணக்கு சரி என்றார். குளிர் மலைதான் பார்க்க வேண்டும் என்றால் காஷ்மீர் இல்லையா, மணாலி இல்லையா, ஏன் இவ்வளவு தூரம் என்று கேட்டேன்.

"இந்தியாவுல எறங்கிட்டு ஊருக்குப் போவாம இருக்க முடியுமா சார்? ஊருக்குப் போனா கல்யாணம், காதுகுத்து, பங்காளி வழக்கு. இருபத்தாறு வருஷத்துல ஒரு லீவாவது எனக்குன்னு எடுத்துக்கிடலாம்னு பாத்தேன்."

கணவாய்

கடைசி நாள் நாங்கள் குழுவோடு சேர்ந்துகொண்டோம், பயணம் பனி மூடிய சிகரங்களுக்கு நடுவே ஒரு கணவாய்க்கு. பஸ் மேலே ஏறத் தொடங்கியபிறகுதான் முருகையன் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். உச்சியில் அரை மணி நேரம்தான், அதற்கு மேல் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இறங்கியதும் நான் கேட்காமலே விரலை நீட்டினார். எண்பத்து நான்கு. எல்லாருக்கும் கேட்கும்படி அவரே உரக்கப் படித்தார். இந்தப் பனி நிஜப் பனிதானா என்று பத்மா மேடம் காலால் கிண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முருகையன் குல்லாயைக் கழற்றிவிட்டு, பாறை ஓரத்தில் அசையாமல் நின்றார். உடம்புக்கு ஏதாவது செய்கிறதோ என்று பக்கத்தில் போனேன். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, குளிரால் என்று நான் நினைத்துக்கொண்டேன். காதைத் தொட்டுக் காட்டி, கேளுங்கள் என்பதுபோல் கை காட்டினார். காற்று கூட நின்றிருந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"இருபத்தாறு வருஷமா கம்ப்ரஸர் சத்தத்துலயேதான் சார் குளிரப் பாத்திருக்கேன். இங்க யாரும் எதையும் ஓட்டல. அதுபாட்டுக்குக் குளிருது."

பதினொரு பேரையும் குறையாமல் கொண்டுவந்து துபாயில் இறக்கிவிட்டேன். முருகையன் ஏன் திரும்பி வந்தார் என்பதுதான் ஆல்பர்ட் அண்ணாச்சிக்கு இப்போது இருக்கும் சந்தேகம்.