அக்கா அழிக்காமல் வைத்த மெசேஜ்கள்

இன்று இரத்தோட்டையிலிருந்து மாத்தளைக்குப் போகும் பஸ்ஸில் பக்கத்து வீட்டு அக்காவும் அவருடைய அம்மாவும் என்னோடு வந்தார்கள். பெயர் வேண்டாம்.

யாரோ ஒருவன் அக்காவின் படத்தை வைத்துப் போலிக் கணக்குத் திறந்து, அவருக்கே அசிங்கமாக எழுதி மிரட்டுகிறான். அக்கா மாத்தளை பொலிஸில் தன் போனை ஒப்படைக்கப் போகிறார்.

அம்மா வழியெல்லாம் முணுமுணுத்தார். "அந்தக் கருமத்த அழிச்சித் தொலைடி. பொலிஸ்காரங்க படிச்சா நம்ம மானம் என்னத்துக்காகும்?"

"அழிச்சா அவன் தப்பிச்சிருவாம்மா."

"ஸ்கிரீன்ஷாட் போதாதாக்கா?" என்று நான் கேட்டேன்.

"அது நானே செஞ்சதுன்னு சொல்லிருவான். போன்லயே அப்படியே இருக்கணும்னு பொலிஸ்ல சொன்னாங்க. பாக்குறப்பல்லாம் அழுதேன் புள்ள. ஆனா ஒண்ணக்கூட அழிக்கல."

அவன் எழுதிய அந்த வார்த்தைகளைக் கைப்பையில் சுமந்துகொண்டுதான் இத்தனை நாளும் கடை வேலைக்குப் போய், எங்களைப் பார்த்துச் சிரித்துமிருக்கிறார்.

மாத்தளையில் இறங்கும்போது நல்ல மழை. அம்மா சட்டென்று போனைப் பிடுங்கினார். நான் பயந்தே போனேன். அவரோ அதை முந்தானையில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு, "நனைஞ்சிட்டா அந்த நாய் தப்பிச்சிருவான், வெரசா வாடி" என்று முன்னால் நடந்தார்.

நானாக இருந்தால் முதல் மெசேஜையே அழித்திருப்பேன். நீங்கள்? தங்கள் அம்மா பேஸ்புக்கில் இல்லாதவர்களாவது உண்மையைச் சொல்லுங்கள்.